காகிதத்துக்கு ஒரு தோல்

கோந்து அச்சுப் படம் ஒன்றைக் கையில் கொடுத்தால், அந்தக் கலையில் பழகியவரின் கண் முதலில் வெள்ளைப் பகுதிகளுக்குத்தான் போகும். மேகம், சட்டைக் கை, தண்ணீரில் பட்ட வெளிச்சம் ஆகியவை காகிதத்தின் சொந்த வெள்ளையாகவே மிஞ்சியிருக்கின்றனவா, அழுக்கு ஒட்டியதுபோல் மங்கிக் கிடக்கின்றனவா என்று பார்ப்பார். கறுப்பு போதவில்லை என்றால் இன்னொரு பூச்சுப் பூசி ஆழமாக்கிக்கொள்ளலாம். போன வெள்ளையை மீட்க வழியே கிடையாது. அந்த வெள்ளையைக் காப்பது, படத்துக்கும் காகிதத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் ஒரு மெல்லிய ஜெலட்டின் படலம். அதைக் காகிதத்தில் ஏற்றும் வேலைக்குச் சைசிங் என்று பெயர். இந்த அச்சு முறைக்குப் புதிதாக வருபவர்கள் பலரும் அதைத் தாண்டிப் போகவே பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், கோந்து அச்சின் வேதியியல் முழுவதும் அந்தப் படலத்துக்குள் இருக்கிறது. அதை விளங்கிக்கொண்டால், அதன்மேல் படம் உருவாகும் விதமும் தானாக விளங்கிவிடும்.

வெளிச்சம் கெட்டியாக்கும் கோந்து

வேலமர இனத்து மரங்களிலிருந்து வடியும் பிசின்தான் அரபிக் கோந்து. அதை நீரில் கரைத்து, நீர்வண்ணம் குழைத்து, பொட்டாசியம் டைகுரோமேட்டையோ அம்மோனியம் டைகுரோமேட்டையோ கரைசலாகச் சேர்த்துக் காகிதத்தில் தூரிகையால் பூசுகிறோம். மங்கிய வெளிச்சத்தில் உலர்த்தி, மேலே நெகட்டிவை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டுகிறோம். வெயில் பட்ட இடத்தில் கோந்து நீரில் கரையாத பொருளாகிவிடுகிறது. நெகட்டிவின் அடர்ந்த பகுதிக்குக் கீழே, வெயில் படாத இடத்தில், அது பழைய கோந்தாகவே இருக்கிறது. பிறகு காகிதத்தைத் தண்ணீரில் குப்புற மிதக்கவிட்டால், கெட்டிப்படாத கோந்து மெல்லக் கரைந்து, தன்னோடு நிறமியையும் இழுத்துக்கொண்டு தொட்டியின் அடியில் இறங்கும். அரை மணி நேரத்தில் படம் தெளிந்துவிடும். இதற்கு வெள்ளி உப்பு தேவையில்லை. டெவலப்பரோ, படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போவோ தேவையில்லை. குழாய்த் தண்ணீர் போதும்.

இந்த வேதியியல் புகைப்படக் கலையின் பிறப்போடு சேர்ந்தே பிறந்தது. 1839-ல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மங்கோ பான்டன், பொட்டாசியம் டைகுரோமேட்டில் தோய்த்த காகிதம் வெயிலில் நிறம் மாறுவதைக் கண்டறிந்தார். டைகுரோமேட் கலந்த ஜெலட்டின் ஒளி பட்டால் கரையும் தன்மையை இழந்துவிடும் என்பதை 1852-ல் இங்கிலாந்தின் ஃபாக்ஸ் டால்பட் பயன்படுத்திக்கொண்டார். பிரான்ஸின் அல்ஃபோன்ஸ் புவாத்வேன் 1855-ல் அந்தக் கலவைக்குள் நிறமியைச் சேர்த்தார். ஜான் பவுன்சி என்ற ஆங்கிலேயர் 1858-ல் லண்டனில் கோந்து அச்சுகளைக் காட்சிக்கு வைத்தார். சில பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்த முறையை 1890-களில் பாரிஸில் ரொபேர் தெமாஷியும், வியன்னாவில் ஹைன்ரிஷ் கூன், ஹூகோ ஹென்னபெர்க், ஹான்ஸ் வாட்செக் ஆகிய மூவரும் மீண்டும் கையிலெடுத்தார்கள். எட்வர்ட் ஸ்டைக்கன் 1904-ல் எடுத்த நியூயார்க் பிளாட்அயர்ன் கட்டடத்தின் படம், பிளாட்டினம் அச்சின் மேல் நிறம் கலந்த கோந்தைப் பூசி உண்டாக்கியது. அதன் ஒரு பிரதி 2022-ல் நடந்த ஏலத்தில் 1 கோடியே 18 லட்சம் டாலருக்குப் போனது.

கோந்துக்கு ஒரு குறை உண்டு. ஒரே பூச்சில் கறுப்பு முதல் வெள்ளை வரை எல்லாச் சாயலையும் அதனால் தர முடியாது. தடிமனாகப் பூசினால் கழுவும்போது உரிந்து போகும். மெல்லியதாகப் பூசினால் கறுப்பு வெளிறிப் போகும். அதனால் ஒரே படத்தை மூன்று, நான்கு தடவை, சிலர் அதற்கு மேலும், பூசி வெயில் காட்டிக் கழுவி எடுக்கிறார்கள். வண்ணப் படம் என்றால் மஞ்சள், சிவப்பு, நீலம் ஒவ்வொன்றுக்கும் தனி நெகட்டிவ், தனிப் பூச்சு. காகிதம் ஒவ்வொரு முறையும் நனைந்து, ஊறி, காய்ந்து, மறுபடியும் நனைகிறது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நனைந்த காகிதத்தின் குணம்

நல்ல நீர்வண்ணக் காகிதம் பருத்தி நார்களின் பின்னல். நாரின் பொருளான செல்லுலோஸ் மூலக்கூறு நெடுக ஹைட்ராக்சில் முனைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு முனையும் நீர் மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளத் தயாராக இருக்கும். நீர் நுழைந்ததும் நார் நீளவாக்கில் மிகக் கொஞ்சமும், குறுக்குவாக்கில் அதைவிடப் பல மடங்கும் ஊதுகிறது. இயந்திரத்தில் செய்த காகிதத்தில் நார்கள் பெரும்பாலும் ஓடுபாதையின் திசையிலேயே படுத்திருப்பதால், தாள் ஒரு பக்கமாக அதிகம் விரியும். 30 செ.மீ. அகலத் தாள் ஒரு விழுக்காடு அளவு மாறினாலே 3 மி.மீ. ஆகிவிடுகிறது. இரண்டாவது நெகட்டிவை வைக்கும்போது கண் இமை ஒரு பக்கமும் கண் இன்னொரு பக்கமும் நிற்க அது தாராளமாகப் போதும்.

இதற்கு வைத்தியம் முன்கூட்டியே சுருக்கிவிடுவது. தாளைச் சுமார் 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கொடியில் காயவிடுவார்கள். ஆலையில் இழுத்துப் பிடித்து உலர்த்தியபோது நார்களுக்குள் தங்கிப்போன இறுக்கம் அந்த வெந்நீரில் தளர்ந்துவிடும். பிறகு எத்தனை தடவை நனைந்து காய்ந்தாலும் தாள் ஏறக்குறைய அதே அளவுக்குத் திரும்பும்.

ஆனால் வெந்நீர் இன்னொன்றையும் செய்துவிடுகிறது. நல்ல நீர்வண்ணக் காகிதங்களில் ஆலையிலேயே பசை ஏற்றியிருப்பார்கள். கூழிலேயே கலக்கும் உள்பசை ஒரு வகை. தாள் உருவான பிறகு மேலே ஏற்றும் மேல்பசை இன்னொரு வகை. பிரான்ஸின் ஆர்ஷ் காகிதம் போன்ற சிலவற்றில் மேல்பசை இன்றும் ஜெலட்டின்தான். வெந்நீர்க் குளியலில் அந்த மேல்பசை பெருமளவு கரைந்து வெளியேறிவிடுகிறது. கஞ்சி போட்ட வேட்டியை வெந்நீரில் அலசினால் விறைப்பு போவதுபோலத்தான். காப்பு போன தாளில் கோந்தும் நிறமியும் நேராக நார்களுக்கு இடையில் இறங்கும். நீர்வண்ண நிறமித் துகள்களில் பெரும்பாலானவை பருத்தி நாரின் குறுக்களவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியவை. இடுக்குக்குள் போய்விட்ட துகளை எவ்வளவு தண்ணீர் விட்டாலும் வெளியே கொண்டுவர முடியாது. வெள்ளை மங்குவது இப்படித்தான்.

ஆக, அளவு மாறாமல் இருக்கச் சுருக்க வேண்டும்; சுருக்கினால் பசை போய்விடும்; பசையைத் திரும்ப ஏற்ற வேண்டும். ஏற்றிய பசை அடுத்தடுத்த கழுவல்களில் மறுபடியும் போகாமல் இருக்க அதைக் கெட்டிப்படுத்தவும் வேண்டும். கெட்டிப்படுத்திய ஜெலட்டின் என்பது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி.

எலும்பும் தோலும் தந்த பசை

காகிதத்தில் ஜெலட்டின் ஏற்றும் பழக்கம் புகைப்படத்தைவிட ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது. அரபு நாட்டுக் காகிதத்துக்கு மாவுப்பசை போட்டார்கள். ஐரோப்பாவின் ஈரக் காற்றில் அது நிலைக்கவில்லை. பூச்சியும் பூஞ்சையும் பிடித்தன. 1231-ல் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக், அரசுப் பத்திரங்களைக் காகிதத்தில் எழுதக் கூடாது என்றே சட்டம் போட்டார். இத்தாலியின் ஃபாப்ரியானோ ஊர்க்காரர்கள் அதே 13-ஆம் நூற்றாண்டில் இதற்கு விடை கண்டார்கள். தோல் துண்டுகளைக் கொதிக்க வைத்து இறக்கிய பசையில் தாள்களை முக்கி எடுத்தார்கள். இறகுப் பேனா கீறினாலும் கிழியாத, மை ஊறாத, உறுதியான தாள் கிடைத்தது. ஜப்பானிய ஓவியர்கள் தங்கள் வழியில் விலங்குப் பசையோடு படிகாரம் கலந்து தாளில் பூசினார்கள். 1830-களில் டால்பட் தன் முதல் ஒளிப்படங்களுக்குத் தேர்ந்தெடுத்ததும் ஜெலட்டின் ஏற்றிய தரமான ஆங்கில எழுதுதாளைத்தான். வெள்ளி உப்புப் படத்தின் நிறமே தாளுக்குப் போட்ட பசையைப் பொறுத்து மாறியது.

தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றின் கட்டுமானப் புரதம் கொலாஜன். அதன் வடிவத்தைச் சென்னையில்தான் கண்டுபிடித்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவராக இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் அவருடன் ஆய்வு செய்த கோபிநாத் கர்த்தாவும், மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட மும்மைச் சுருள் என்ற மாதிரியை 1954, 1955-ஆம் ஆண்டுகளில் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். பக்கத்திலேயே இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் கொலாஜன் மாதிரிகளைத் தந்து உதவியது. சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் நிற்கிறது. மூன்று சங்கிலிகளும் நெருங்கி வரும் நடு அச்சில் அதைவிடப் பெரிய எதற்கும் இடம் கிடையாது.

கொலாஜனை அமிலத்திலோ சுண்ணாம்பிலோ ஊறவைத்துச் சூடாக்கினால் முறுக்கு அவிழ்ந்து சங்கிலிகள் தனித்தனியாகப் பிரியும். அப்படிப் பிரிந்ததுதான் ஜெலட்டின். வெதுவெதுப்பான நீரில் சங்கிலிகள் தாறுமாறாக மிதக்கும். ஆறும்போது அங்கங்கே சிறு சிறு நீளங்கள் பழைய முறுக்கை நினைவுபடுத்திக்கொண்டு மறுபடியும் பின்னிக்கொள்ளும். அந்த முடிச்சுகள் வலையாகிக் கரைசல் உறைகிறது. முடிச்சுகளைப் பிடித்திருப்பவை பலவீனமான ஹைட்ரஜன் பிணைப்புகள்தான். 35 டிகிரியைத் தாண்டினாலே அவை விட்டுப்போகின்றன.

சென்னைக்காரர்கள் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும். வியன்னாவின் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் கழுவியவர்களுக்குக் கெட்டிப்படுத்தாத ஜெலட்டின் ஓரளவு தாக்குப்பிடித்திருக்கும். மே மாத மதியத்தில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் கையைச் சுடுகிறது. அதில் வெறும் ஜெலட்டின் படலம் கரைந்து ஓடிவிடும். மேலே இருக்கும் படமும் அதோடு போகும். நம் ஊரில் கெட்டிப்படுத்துவதைத் தவிர்க்கவே முடியாது.

பாலம் போடும் பொருள்கள்

கெட்டிப்படுத்துவது என்றால், வெப்பத்தில் அவிழும் முடிச்சுகளுக்குத் துணையாக, அவிழாத வேதிப் பாலங்களைச் சங்கிலிகளுக்கு இடையே போடுவது. பாலம் போட ஜெலட்டினில் இரண்டு வகைக் கரைகள் இருக்கின்றன. ஒன்று, லைசின் போன்ற அமினோ அமிலங்களின் நைட்ரஜன் முனை. ஆயிரம் அமினோ அமிலங்களில் லைசின் 30-க்கும் குறைவுதான். ஆனால் நன்றாக வினைபுரியும். இன்னொன்று, ஆஸ்பார்டிக், குளூட்டாமிக் அமிலங்களின் கார்பாக்சில் முனை. அவை எண்ணிக்கையில் பல மடங்கு அதிகம்.

நைட்ரஜன் முனைகளைப் பிடிப்பவை ஆல்டிஹைடுகள். ஃபார்மால்டிஹைடு ஒரே ஒரு கார்பன் கொண்ட மூலக்கூறு. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு நைட்ரஜன்களுக்கு நடுவே குட்டைப் பாலமாக அமர்ந்துகொள்ளும். அதன் நீர்க்கரைசலான ஃபார்மலின் வெகுகாலம் இந்த வேலைக்குப் பயன்பட்டது. கெட்டிப்படுத்துவதில் அதற்கு இணை அரிது. ஆனால் அதன் ஆவி கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான பொருள்களின் முதல் பிரிவில் அதை வைத்திருக்கிறது. வீட்டில் அதைத் திறப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அதன் இடத்தைப் பிடித்தது கிளையாக்சல். இரண்டு கார்பன், இரண்டு முனையிலும் ஆல்டிஹைடு. ஆவியாகும் தன்மை குறைவு, நெடியும் குறைவு. அதற்கும் ஒரு குணக்கேடு உண்டு. வினைபுரியாமல் மிஞ்சிய கிளையாக்சல் தாளில் தங்கினால் மாதங்கள் போகப் போக மஞ்சள் படரும். காத்த வெள்ளை பிறகு பழுத்துப் போகும். அதனால் கெட்டிப்படுத்திய பிறகு தாளை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அந்த அலசலைச் சோம்பேறித்தனத்தால் விட்டவர்கள்தான் கிளையாக்சலைத் திட்டுகிறார்கள்.

கார்பாக்சில் முனைகளைப் பிடிப்பவை உலோக அயனிகள். சாதாரணப் படிகாரத்தில் இருக்கும் அலுமினியமும் அந்த வேலையைச் செய்யும். ஆனால் அதன் பிடி அவ்வளவு உறுதியானதல்ல. கூடவே படிகாரம் நீரில் அமிலத்தன்மையை உண்டாக்குவதால் காலப்போக்கில் செல்லுலோஸை நொறுக்கும். குரோம் படிகாரம் இதைவிட வலுவானது. கருநீல ஊதா நிறப் படிகங்கள். நீரில் கரைந்ததும் மும்மின்னூட்டக் குரோமிய அயனிகள் வெளிப்பட்டு, ஒன்றோடொன்று ஆக்சிஜன் பாலத்தால் இணைந்து, இரண்டு சங்கிலிகளின் கார்பாக்சில் முனைகளை இருபுறமும் கவ்விக்கொள்கின்றன. அப்படி இறுகிய ஜெலட்டின் கொதிநீரிலும் கரையாது.

ஆம்பூருக்கும் அச்சுப் படத்துக்கும் உள்ள உறவு

தோல் தொழில் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். கொலாஜனின் கார்பாக்சில் முனைகளைக் குரோமியத்தால் கட்டுவதற்குப் பெயர் குரோம் பதனிடல். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் சுழலும் மரப்பீப்பாய்களுக்குள் தினமும் நடப்பது அதுதான். அதற்கு முன் நம் ஊரில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். அவற்றிலுள்ள டானின் மூலக்கூறுகள் கொலாஜன் சங்கிலிகளைப் பல இடங்களில் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும். 1900-களின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடலை அறிமுகப்படுத்தினார்.

குரோம் பதனிடலை முதன்முதலில் பெரும் தொழிலாக்கிய முறைக்கு 1884-ல் காப்புரிமை வாங்கியவர் நியூயார்க்கைச் சேர்ந்த அகஸ்டஸ் ஷுல்ட்ஸ். அவருடைய முறையில் இரண்டு தொட்டிகள். முதல் தொட்டியில் தோலை டைகுரோமேட்டில் ஊறவைப்பார்கள். அதிலிருப்பது ஆறு மின்னூட்டக் குரோமியம். அது கொலாஜனைக் கட்டாது, தோலுக்குள் சும்மா ஊடுருவி நிற்கும். இரண்டாவது தொட்டியில் ஹைப்போ. அது குரோமியத்தை ஆறிலிருந்து மூன்றுக்கு இறக்கிவிடும். இறங்கிய மறுகணம் அது பக்கத்தில் இருக்கும் கார்பாக்சில் முனைகளைப் பிடித்துக்கொள்ளும். தோல் பதமாகிவிடும்.

இப்போது கோந்து அச்சை மறுபடியும் பாருங்கள். டைகுரோமேட் கலந்த கோந்து காகிதத்தில் காத்திருக்கிறது. ஷுல்ட்ஸின் இரண்டாவது தொட்டி செய்த வேலையை இங்கே வெயில் செய்கிறது. ஒளியின் ஆற்றலைப் பெற்ற குரோமியம் கோந்திடமிருந்து எலக்ட்ரான்களைப் பறித்துப் படிப்படியாக மூன்றுக்கு இறங்குகிறது. இறங்கிய குரோமியம் கோந்திலுள்ள கார்பாக்சில் முனைகளைப் பிடித்துக் கட்டுகிறது. நெகட்டிவ் வழியாக எங்கே எவ்வளவு ஒளி வந்ததோ, அங்கே அந்த அளவு பதம். கோந்து அச்சுப் படம் என்பது வெளிச்சத்தால் பதனிட்ட ஒரு படலம். அதற்குக் கீழே குரோம் படிகாரத்தால் கெட்டிப்படுத்திய சைசிங், அதே குரோமியத்தால் முன்கூட்டியே பதனிட்ட இன்னொரு படலம். மேலே படமாகத் தெரிவதும் கீழே தெரியாமல் தாங்குவதும் ஒரே வேதிவினை இருமுறை நடந்ததன் விளைவு.

இந்த உறவைப் புரிந்துகொண்டால் பட்டறையில் சந்திக்கும் பல சிக்கல்களுக்குக் காரணம் தெரிந்துவிடும். சைசிங் பச்சையாக இருந்தால், மேலே பூசிய டைகுரோமேட் அந்த ஜெலட்டினுக்குள்ளும் ஊறி, நிறமியோடு சேர்த்து அதையும் பதனிட்டுவிடும், கறை நிலைத்துவிடும். முன்பே பாலங்கள் போட்ட ஜெலட்டின் அவ்வளவாக ஊதாது. ஊதாத படலத்துக்குள் டைகுரோமேட்டும் நிறமியும் நுழைவது கடினம். இன்னொன்று: வெளிச்சமே இல்லாவிட்டாலும் டைகுரோமேட் மெல்ல மெல்லக் கோந்தோடு வினைபுரிந்துகொண்டுதான் இருக்கும். வெப்பமும் ஈரமும் அதை வேகப்படுத்தும். ஆகவே கடலோர ஊர்களில் பூசிய தாளை மறுநாளுக்கு என்று எடுத்துவைக்கக் கூடாது. காய்ந்ததும் வெயில் காட்டிக் கழுவிவிட வேண்டும்.

செய்யும் விதம்

1 லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் ஜெலட்டின் என்பது பலரும் கையாளும் அளவு. கேக் பொருள்கள் விற்கும் கடையில் கிடைக்கும் உணவுத்தர ஜெலட்டினே போதும். உறையும் வலிமையைப் புளூம் எண்ணால் சொல்வார்கள். 200-க்கு மேல், முடிந்தால் 250 உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். முதலில் குளிர்ந்த நீரில் தூவி அரை மணி நேரம் விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு துகளும் தன் எடையைப் போல் பல மடங்கு நீரைக் குடித்து, கண்ணாடிபோல் ஊதி நிற்கும். நேராக வெந்நீரில் கொட்டினால் வெளிப்புறம் பசையாகி உள்ளே உலர்ந்த கட்டி தங்கிவிடும். ஊறியதை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி 45 முதல் 50 டிகிரி வரை சூடாக்கினால் தெளிந்த கரைசல் கிடைக்கும். 60-க்கு மேல் போகவிடக் கூடாது. நீடித்த சூட்டில் சங்கிலிகளே அறுபட்டு உறையும் வலிமை குறையும்.

கரைசலைத் தட்டில் ஊற்றி, சுருக்கி உலர்த்திய தாளை மெதுவாக நழுவவிட வேண்டும். மேலே நுரையோ குமிழியோ நின்றால் நாளிதழ்த் தாள் ஒன்றால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். தாளில் ஒட்டி உலர்ந்த ஒரு குமிழி, பின்னால் எல்லா வண்ணப் பூச்சிலும் ஊசிமுனைப் புள்ளியாகத் தெரியும். சில நிமிடம் ஊறியதும் தாளை எடுத்து, தட்டின் விளிம்பிலோ கண்ணாடிக் கம்பியிலோ இழுத்து மிகுதியை வடித்து, ஒரு மூலையில் கிளிப் போட்டுத் தொங்கவிட வேண்டும். பத்து நிமிடத்தில் தாளைத் திருப்பி எதிர் மூலையில் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஜெலட்டின் கீழ் விளிம்பில் தடித்து, அங்கே மட்டும் படம் வேறு நிறத்தில் வரும்.

இதற்கு நாள் பார்ப்பதும் அவசியம். அறை 33 டிகிரி என்றால் ஜெலட்டின் உறையாமலே வடியும், தாளின் ஆழத்துக்கும் இறங்கும். மேல்பரப்பில் படலம் நிற்காது. மார்கழி, தை மாதங்களின் விடிகாலைதான் இந்த வேலைக்கு ஏற்றது. அந்த நேரத்தில் ஒரு பருவத்துக்கு வேண்டிய தாள்களைச் சைசிங் செய்து, கெட்டிப்படுத்தி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

உலர்ந்த பிறகு கெட்டிப்படுத்தும் குளியல். 40 விழுக்காட்டுக் கிளையாக்சலை 1 லிட்டர் நீருக்குச் சுமார் 20 மி.லி. கலந்து, ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்க்க வேண்டும். சோடாவுக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது. அமில நீரில் லைசினின் நைட்ரஜன் முனை ஒரு புரோட்டானைச் சுமந்துகொண்டு வினைக்கு வராது. லேசான காரம் அந்தப் புரோட்டானை இறக்கிவிட்டு முனையைத் திறந்துவிடுகிறது. ஐந்து நிமிடக் குளியல், காற்றோட்டமான இடத்தில் உலர்த்தல், பிறகு அலசல். கையுறையும் திறந்த வெளியும் கட்டாயம். குரோம் படிகாரம் என்றால் தனிக் குளியலுக்குப் பதிலாக, கரைத்த படிகாரத்தைச் சிறிது சிறிதாக வெதுவெதுப்பான ஜெலட்டினிலேயே கலக்கிச் சேர்ப்பது வழக்கம். சேர்த்த பிறகு தாமதிக்கக் கூடாது. தட்டிலேயே இறுகிவிட்டால் எவ்வளவு சூடாக்கினாலும் அது மறுபடி இளகாது.

முடிந்ததா என்று அறிய எளிய சோதனை உண்டு. தாளின் ஓரத் துண்டில் அடர்ந்த நிறத்தோடு கோந்துக் கலவையைப் பூசி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி வெயில் காட்டிக் கழுவிப் பார்க்க வேண்டும். மூடிய பாதி, பூச்சே படாத ஓரத்தைப் போல் வெளுத்திருந்தால் சைசிங் சரி. சாயல் தங்கினால் இன்னொரு முறை ஜெலட்டின் ஏற்றிக் கெட்டிப்படுத்த வேண்டும். மறுபக்கத் தவறும் உண்டு. படலம் தடித்து, மிகவும் இறுகி, பளபளவென்று ஆகிவிட்டால் கோந்து பற்றிக்கொள்ளப் பிடிமானம் இல்லாமல் வெயில் பட்ட பகுதியே செதில் செதிலாக உரியும். நாரின் இடுக்கை அடைக்க வேண்டும். அதே நேரம் தாளின் சொரசொரப்பை முழுக்க மூடிவிடக் கூடாது. இந்த நடுநிலையை எந்த அட்டவணையும் சொல்லித் தராது. ஒவ்வொரு காகிதத்துக்கும் சோதித்துத்தான் அறிய வேண்டும்.

நஞ்சும் பொறுப்பும்

இவ்வளவு அழகான வேதியியலைச் சொல்லிவிட்டு அதன் நஞ்சைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மூன்று மின்னூட்டக் குரோமியம் ஒப்பீட்டளவில் சாதுவானது. ஆறு மின்னூட்டக் குரோமியமோ தோலில் புண் உண்டாக்கும், ஒவ்வாமை தரும். மூச்சு வழியாகப் போனால் புற்றுநோய்க்குக் காரணமாகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் முதல் சிறப்பு அனுமதியின்றி டைகுரோமேட்டுகளைப் பயன்படுத்த முடியாது. ராணிப்பேட்டையில் மூடிப்போன ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுக் குவியல் சுற்றுவட்டார நிலத்தடி நீரைக் கெடுத்ததை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். ஒரு கலைஞர் கையாளும் அளவு சில கிராம்தான். ஆனாலும் மஞ்சள் நிறக் கழுவுநீரை அப்படியே சாக்கடையில் ஊற்றுவதற்கு அது சாக்காகாது.

நல்லவேளையாக, தீர்வும் அதே வேதியியலிலேயே இருக்கிறது. மிஞ்சிய டைகுரோமேட் கரைசலில் வைட்டமின் சி-யையோ சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டையோ சேர்த்தால் ஆரஞ்சு நிறம் போய்ப் பச்சையாகும். குரோமியம் ஆறிலிருந்து மூன்றுக்கு இறங்கிவிட்டது என்று அதற்குப் பொருள். பிறகு சலவைச் சோடா சேர்த்தால் அது பச்சை வண்டலாகப் படியும். வண்டலை வடிகட்டி உலர்த்தி, ஆய்வுக்கூடக் கழிவுகளை முறைப்படி பெற்றுக்கொள்ளும் இடத்தில் சேர்க்க வேண்டும். தோலைப் பதமாக்கியதும், படத்தை நிலைநிறுத்தியதும், இப்போது நஞ்சை அடக்குவதும் ஒரே மாற்றம்தான்.

சைசிங் கற்பது ஒரு கைவேலையைக் கற்பது மட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு தாளை ஜெலட்டினில் முக்கி எடுக்கும் கல்லூரி மாணவருக்குப் புரதத்தின் முறுக்கு, உலோக அயனியின் பிடி, காரத்தின் வேலை, நீரின் குணம் நான்கும் அந்த ஒரே தட்டில் கண்முன் நடக்கின்றன. கொலாஜனின் வடிவத்தைக் கண்டறிந்த நகரமும், அதைத் தலைமுறைகளாகப் பதனிட்டு வரும் ஊர்களும் நம்மிடம் இருக்கின்றன. கோந்து அச்சை நம் கலைக் கல்லூரிகள் அழகியலாக மட்டும் சொல்லிக்கொடுக்காமல், வேதியியல் துறையோடு சேர்ந்து சொல்லிக்கொடுக்கலாம். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு வெப்பமானி, ஒரு தட்டு, நல்ல காகிதம், முறையான பாதுகாப்பு, ஒரு குளிர்ந்த காலை நேரம் இருந்தால் ஆரம்பித்துவிடலாம்.